வெர்டெலின் பதினொன்று

என் தங்கை வெர்டெல் என்னை அண்ணே என்று கூப்பிட்டு இருபத்தேழு வருடம் ஆகப்போகிறது. கூப்பிட்டே ஆக வேண்டிய கட்டாயம் வந்தால் "டிரைவர்" என்பாள். ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் நான் லாரி ஓட்டுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். நான் மில்லில் தறி பழுது பார்த்தவன். மில் மூடிய பிறகு கோழி ஆலையில் இயந்திரம் பழுது பார்க்கிறேன். வண்டி ஓட்டிப் பிழைப்பவள் அவள்தான். வாரத்தில் ஐந்து நாள் பள்ளிக்கூடப் பேருந்து, தேர்வு வருகிற சனிக்கிழமைகளில் தேவாலயத்து வேன்.

அந்த வேனைப் பற்றி எங்கள் ஓல்டு ஷைலோ ஊர் முழுக்கப் புலம்பல்தான். விடியற்காலையில் தெருமுனையில் நின்று ஹாரனை அழுத்துவாள். ஒரு நிமிடம் தாமதமாக ஓடி வருகிற பிள்ளையைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வண்டியை எடுத்துவிடுவாள். பெற்றவர்கள் சண்டைக்குப் போனால், "உம் பிள்ளைய எழுப்ப முடியலைன்னா எங்கிட்ட வந்து ஏன் கத்துற?" என்று முகத்தில் அடித்தாற்போல் கேட்பாள். வேனில் ஏறுகிற ஒவ்வொரு பிள்ளையிடமும் மணி என்ன என்று கேட்பாள். "ஆறரை" என்று மட்டும் சொன்னால் தொலைந்தது. "எந்த ஆறரை? வாயத் தொறந்து முழுசாச் சொல்லு" என்று அத்தனை பேர் முன்னால் வறுத்தெடுப்பாள்.

எங்கள் பக்கத்தில் அது கிறுக்குத்தனமான கேள்வி இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஜார்ஜியா, அங்கே மணி ஒன்று கூடுதல். இந்தப் பக்கம் அலபாமா. ஆனால் ஆற்றோரத்து மில் ஊர்கள் மட்டும் அலபாமாவில் இருந்துகொண்டே ஜார்ஜியாக் கடிகாரத்தை வைத்திருக்கும். மில் முதலாளிகள் போட்டு வைத்த பழக்கம். அதை வேக நேரம் என்போம். பத்து மைல் மேற்கே இருக்கிற எங்கள் ஊரில் மெது நேரம். மில் ஊரில் எட்டு அடித்தால் எங்களுக்கு ஏழு. கல்யாணப் பத்திரிகையில்கூட எந்த நேரம் என்று அச்சடிப்போம். தேர்வுச் சீட்டை அச்சடிக்கிறவனுக்கு இது தெரியாது. எட்டு மணி என்று போட்டுவிட்டுப் போய்விடுவான்.

எண்பத்து மூன்று அக்டோபரில் வெர்டெலுக்குப் பதினேழு வயது, எனக்குப் பத்தொன்பது. வகுப்பில் முதல் மாணவி அவள்தான். தேவாலயத்தில் வேதம் வாசிக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள், அப்படி ஒரு உச்சரிப்பு. கல்லூரி நுழைவுத் தேர்வு மில் ஊரில் இருந்த அகாடமியில் நடந்தது. வெள்ளைப் பிள்ளைகளோடு கறுப்புப் பிள்ளைகளையும் சேர்த்து உட்கார வைக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னதும், அவசர அவசரமாக வெள்ளைக்காரர்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட பள்ளி அது. எங்கள் பள்ளிக்குத் தேர்வு மையம் கொடுத்ததே இல்லை. அவர்கள் வாசலில் போய்த்தான் எங்கள் பிள்ளைகள் நிற்க வேண்டும். வெர்டெலோடு இன்னும் நான்கு பிள்ளைகளை அப்பாவின் பழைய காரில் ஏற்றிக்கொண்டு போகிற பொறுப்பு எனக்கு.

முந்தின நாளே அவள் கேட்டாள். "எட்டுன்னா எந்த எட்டு?"

"பரீட்சை கவர்மெண்ட் சமாச்சாரம். மாவட்டத்துல எல்லாப் பள்ளிக்கூடமும் மெது நேரம். இதுகூடத் தெரியாம காலேஜுக்குப் போகப் போறியா?"

"அகாடமி மில் ஊர்லல்ல இருக்கு. யாரையாச்சும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடேன் அண்ணே."

"மில்லுல ஒரு வருஷமா வேலை பாக்குறவன் நான். கடியாரத்தப் பத்தி எனக்குப் பாடம் எடுக்காத."

கேட்கவில்லை. கேட்டால் என்ன குறைந்திருக்கும் என்று இன்றைக்கு யோசிக்கிறேன். அன்றைக்கு என் கர்வம் குறைந்திருக்கும், அவ்வளவுதான்.

மெது நேரம் ஏழே முக்காலுக்கு அகாடமி வாசலில் காரை நிறுத்தினேன். நிறுத்துமிடம் நிரம்பியிருந்தது, ஒரு ஆள் இல்லை. வாசலுக்கு ஓடினோம். பாட்ஜெட் என்று ஒரு இளம் ஆசிரியை நின்றுகொண்டிருந்தாள். வெள்ளைக்காரி, இருபத்தைந்து வயதிருக்கும். கையைத் திருப்பிக் கடிகாரத்தைக் காட்டினாள். "எட்டு மணிக்குன்னு சீட்டுல இருக்கே. இப்ப ஒன்பதாகப் போகுது. என்ன ஆச்சு?"

ஐந்து பிள்ளைகளும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முன்னால், அவர்களுடைய பள்ளிக்கூட வாசலில் நின்று, மில் வேலைக்காரனான எனக்கு மணி பார்க்கத் தெரியவில்லை என்று சொல்ல என் நாக்கு எழும்பவில்லை.

"என் தங்கச்சிதான் மேடம். தலையச் சீவிக்கிட்டே கண்ணாடி முன்னால நின்னுட்டா."

வெர்டெல் முந்தின நாளே தலையைச் சீவி முடித்துத் துணி கட்டிக்கொண்டு படுத்தவள். காலை நாலரை மணிக்கே மூன்று பென்சிலோடு படியில் உட்கார்ந்திருந்தவள். நான்தான் அவளைக் காக்க வைத்தேன். அவள் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். வாதாடினால் இன்னும் நேரம் போகும் என்று கணக்குப் போட்டிருப்பாள்.

"பொண்ணுங்கன்னா அப்படித்தான்" என்று சிரித்துவிட்டு அந்த ஆசிரியை இரக்கப்பட்டு உள்ளே விட்டாள். அந்த இரக்கம்தான் கழுத்தை அறுத்தது. திருப்பி அனுப்பியிருந்தால் மதிப்பெண்ணே இல்லாமல் போயிருக்கும், டிசம்பரில் சுத்தமாக எழுதியிருக்கலாம். உட்கார வைத்தாள். ஆங்கிலப் பகுதி முழுக்க முடிந்து போயிருந்தது, அது வெர்டெலின் கோட்டை. கணக்கிலும் முதல் பத்து நிமிடம் போயிருந்தது. மீதி இரண்டு பகுதியை மட்டும்தான் முழுதாக எழுதினாள்.

வீட்டில் அப்பா கேட்டபோதும் அதையேதான் சொன்னேன். வாசலில் சொன்னது வீட்டில் மாறலாமா?

"தலைமுடிக்காகப் பரீட்சையக் கோட்டை விட்டியா?" என்றார் அப்பா.

"அண்ணன்தான் மணிய மாத்திப் புரிஞ்சுக்கிட்டான் அப்பா."

"அவன் ஏன் பொய் சொல்லப் போறான்?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் தட்டில் இன்னும் கொஞ்சம் சோளக்கஞ்சி போட்டுக்கொண்டேன். அப்பா மரம் வெட்டிப் பிழைத்தவர். இன்னொரு தடவை தேர்வுக்குப் பணம் கட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். மதிப்பெண் வந்தது, முப்பத்தாறுக்குப் பதினொன்று. பள்ளி ஆலோசகர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "மில்லுல ஆள் எடுக்கறாங்களாமே" என்றார். அவள் நூற்புப் பிரிவில் பதினேழு வருடம் நின்றாள். நடுவில் ஜார்ஜியா மெக்கானிக் ஒருவனைக் கட்டினாள். மூன்று வருடத்தில் அவனைத் துரத்தினாள். மில் மூடியதும் பேருந்துக்குப் போனாள். பிள்ளை இல்லை.

எங்கள் வீட்டில் யார் கண்ணாடி முன்னால் இரண்டு நிமிடம் நின்றாலும், "வெர்டெல் மாதிரி நின்னுக்கிட்டே இரு, காலேஜ் கிடைச்சிடும்" என்பது வாடிக்கைக் கிண்டலாகிவிட்டது. அத்தைமார் சொன்னார்கள், என் மனைவி சொன்னாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் சொல்லியிருக்கிறேன்.

அதே வருடத்தில்தான் மாவட்ட வாரப் பத்திரிகை ஒரு அட்டவணை போட ஆரம்பித்தது. நுழைவுத் தேர்வில் வெள்ளையர் சராசரி, கறுப்பர் சராசரி, இரண்டு பத்தி. முதல் அட்டவணையில் வெள்ளையர் பத்தொன்பது, கறுப்பர் பதிமூன்று. மாவட்டம் முழுக்கத் தேர்வு எழுதிய எங்கள் ஆட்கள் பதினெட்டுப் பேர். அதில் ஐந்து பேர் என் காரில் போனவர்கள். அந்தப் பதிமூன்றுக்குள் என் முட்டாள்தனம் உட்கார்ந்திருந்தது, எவனுக்கும் தெரியாது. அடுத்த வருடம் பதினைந்தானது. மாவட்டக் கல்வி அதிகாரி தன் புதுத் திட்டத்தால்தான் இரண்டு புள்ளி ஏறியது என்று பேட்டி கொடுத்தார். பல்லைக் காட்டிக்கொண்டு கைகுலுக்குகிற படம் வேறு.

அதற்குப் பிறகு இரண்டு பத்தியும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். நடுவில் நான்கு புள்ளி மட்டும் அசையாது. செப்டம்பர் வந்தால் கடிதங்கள் வரும். ஒரு பல் மருத்துவர் எங்கள் குடும்பங்கள் சரியில்லை என்று எழுதுவார். ஓய்வு பெற்ற ஒரு ராணுவக்காரர் எங்கள் மூளையே அவ்வளவுதான் என்பதைப் பூசி மெழுகி எழுதுவார். எங்கள் பாதிரியாரும் தன் பங்குக்குப் பிரசங்கத்தில் தொலைக்காட்சியைத் திட்டுவார். எங்கள் பள்ளியில் முக்கோணவியலை நடத்தியவர் கால்பந்துப் பயிற்சியாளர் என்பதை எவரும் எழுதவில்லை. அவர் படம் போட்டுவிட்டுத் தூங்கிவிடுவார். ஏரிக்கரையில் இருக்கிற பணக்கார வெள்ளைக்காரர்களின் பிள்ளைகள் தனி வாத்தியார் வைத்து மூன்று தடவை எழுதி நல்லதைக் காட்டுகிறார்கள், எங்கள் பிள்ளைகள் ஒரே தடவை எழுதுகிறார்கள் என்பதையும் எழுதவில்லை. வெர்டெல் ஒவ்வொரு அட்டவணையையும் வெட்டிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்தாள். முதலாவது பழுப்பேறி மேலே இருக்கும். அவள் வீட்டுக்கு யாராவது குளிர்ந்த தேநீர் குடிக்கப் போனால் அதைப் பார்க்காமல் கதவைத் திறக்க முடியாது. நான் போனால் தண்ணீர்கூடக் கேட்க மாட்டேன்.

இரண்டாயிரத்து ஒன்பதில் என் மகள் ரெனிகாவுக்கு முறை வந்தது. செவிலியர் படிப்புக்கு இருபது வேண்டும். பதினெட்டு வாங்கியிருந்தாள். டிசம்பர்த் தேர்வுதான் கடைசி வாய்ப்பு. நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று தேவாலய வாசலில் வெர்டெல் காது கேட்கச் சொன்னேன்.

"நீயா? பரீட்சைக்கா?" என்று வெர்டெல் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் தேவாலயமே திரும்பிப் பார்த்தது. "டிரைவர், நீ கோழிக்கு இறக்கை பிடுங்கற மிஷினப் பாத்துக்க. பொண்ண நான் பாத்துக்கறேன்."

"எம் பொண்ணு. நான் கூட்டிட்டுப் போவேன். நீ யாரு கேக்கறதுக்கு?"

"நான் யாரா? ஒன் கார்ல ஏறி எறங்குனவ."

ரெனிகா குறுக்கே வந்தாள். "அப்பா, நான் அத்தை வேன்லயே போறேன். விடுங்க." அத்தை எதைச் சொல்கிறாள் என்று அவளுக்குத் தெரியாது. தலைமுடிக் கதைதான் அவளுக்குத் தெரியும்.

தேர்வன்று காலை ரெனிகா கால்குலேட்டரைச் சமையல் மேசையில் மறந்துவிட்டுப் போய்விட்டாள். பார்த்ததும் வண்டியை எடுத்தேன். அகாடமி வாசலில் வேக நேரம் எட்டே கால். கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டு உள்ளே ஓடினால், தேர்வு இன்னும் தொடங்கவேயில்லை. மண்டபத்துக்குள் முப்பது பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கதவு திறந்திருந்தது. நடைவழியில் வெர்டெல் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு எதிரே நரைத்த தலையோடு அதே பாட்ஜெட். இப்போது அவள்தான் தேர்வு மையத் தலைவி. எனக்கு முதுகு காட்டி நின்றாள்.

"ஏன் மேடம் ஆரம்பிக்கல?" என்று வெர்டெல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏரிக்கரைல இருந்து மூணு பிள்ளைங்க வந்துக்கிட்டிருக்காங்க வெர்டெல். அவங்கம்மா போன் பண்ணாங்க. வீடு மெது நேரப் பக்கம், செல்போனு ஏழுன்னு காட்டியிருக்கு. பாவம். நம்ம ரெண்டு கடியாரத்துல யாரு வேணாலும் ஏமாறலாம் இல்லையா? ஒன்பதுக்கு எல்லாருக்கும் சேர்த்து ஆரம்பிச்சிடறேன். யாருக்கும் ஒரு நிமிஷம் குறையாது." அவள் கையில் ஒரு படிவம் இருந்தது. தேர்வில் ஏதாவது வழக்கத்துக்கு மாறாக நடந்தால் நிரப்ப வேண்டிய படிவம். பாதி நிரப்பியிருந்தாள். காரணம் என்ற இடத்தில், உள்ளூர் கடிகாரக் குழப்பம் என்று எழுதியிருந்தாள்.

வெர்டெல் அதைத் தலையைச் சாய்த்துப் படித்தாள். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"இப்படி ஒரு தாள் இருக்குன்னே எனக்குத் தெரியாது" என்றாள். "எண்பத்து மூணுலயும் இருந்துச்சா?"

"எப்பவும் இருக்கிறதுதான்."

"அப்ப இன்னொண்ணு எடுங்க. எண்பத்து மூணு அக்டோபர். இதே கதவு. அஞ்சு பிள்ளைங்க. காரணம் இதையே போடுங்க."

பாட்ஜெட் அவளை உற்றுப் பார்த்தாள். "ஓ, அது நீங்களா? ஞாபகம் இருக்கு எனக்கு. ஆனா அது கடியாரக் குழப்பம் இல்லையே வெர்டெல். தலை சீவிக்கிட்டிருந்தீங்க, அதான் லேட்டு. கூட்டிட்டு வந்த பையனே சொன்னானே."

இருபத்தாறு வருடம் கழித்து என் வாயிலிருந்து வந்தது அப்படியே அவள் வாயில் இருந்தது. ஒரு எழுத்து உதிரவில்லை.

"அந்தப் பையன் உங்களுக்குப் பின்னாலதான் நிக்கறான்" என்றாள் வெர்டெல். "கையில கால்குலேட்டர் வச்சிருக்கான் பாருங்க. அவனையே கேளுங்க."

கதவருகே ரெனிகா வந்து நின்றிருந்தாள், கால்குலேட்டரை வாங்க. மண்டபத்தில் முன்வரிசைப் பிள்ளைகள் எல்லாரும் எங்களையே பார்த்தார்கள். அந்த நேரத்தில் எனக்கு வெர்டெல் மேல் வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. மகளுக்கு முன்னாலா? இத்தனை வருடத்தில் வேறு நாள் கிடைக்கவில்லையா? நான் அவளுக்கு ஒரு நாளாவது கொடுத்தேனா என்று அப்புறம்தான் உறைத்தது.

"நான்தான்" என்றேன். "மெது நேரம்னு நெனச்சுக் கூட்டிட்டு வந்தேன். அவ கேட்டா, எந்த எட்டுன்னு. நான்தான் அவ வாய அடைச்சேன். அவ அன்னிக்கி சீப்பயே தொடல. நாலரைக்கே ரெடியா உக்காந்திருந்தா. நான் பொய் சொன்னேன்."

ரெனிகா கையை நீட்டிக் கால்குலேட்டரை வாங்கிக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. "அத்தைக்கு இது தெரியும்தானே?" என்று மட்டும் கேட்டாள். தெரியும் என்று தலையாட்டினேன். "நாங்கதான் சிரிச்சிக்கிட்டிருந்தோம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள்.

பாட்ஜெட்டின் கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. "நான் என்ன செய்யறது? அவர் சொன்னதத்தானே நான் நம்பினேன்? இவ்வளவு வருஷம் கழிச்சு எழுதினா எங்கயும் அனுப்ப முடியாது. எடுத்துக்க மாட்டாங்க."

"அனுப்ப வேணாம். எழுதுங்க."

"எனக்கு அதிகாரம் இல்ல வெர்டெல்."

"அஞ்சு பேரு வந்தா தலைமுடி. மூணு பேரு வந்தா கடியாரம். அதுக்கு மட்டும் அதிகாரம் இருக்கு, இல்ல?"

பாட்ஜெட் படிவத்தின் மீதியை நிரப்பினாள். ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வெளியே பெரிய கார் ஒன்று கீச்சென்று நின்றது. மூன்று பிள்ளைகள் ஈரத் தலையோடு ஓடி வந்தார்கள். கடைசியில் வந்த பெண்பிள்ளை தேம்பிக்கொண்டே வந்தாள். வெர்டெல் வழியை மறித்து நிற்பாள் என்றுதான் பயந்தேன். அவள் கதவை முழுக்கத் திறந்து பிடித்தாள்.

"அழாம ஓடு" என்றாள் அந்தப் பெண்ணிடம். "ஒனக்காகப் பரீட்சையே ஒரு மணி நேரம் நின்னுக்கிட்டிருக்கு."

கதவைச் சாத்தினார்கள். வெளியே வேன் அருகே நானும் அவளும் நின்றோம். நல்ல குளிர். என்னிடம் ஏதாவது சொல்வாள், திட்டவாவது செய்வாள் என்று காத்திருந்தேன். "அப்பாகிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

அப்பா இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. கடைசி மாதத்தில் அவரைக் குளிப்பாட்டி, சோறூட்டிப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். அவள் நேரத்துக்கு வரும்போதெல்லாம் அந்த மனிதர், "பரவால்லியே, இன்னிக்கி தலை சீவ நேரம் எடுக்கலியே" என்று கேலி பண்ணியிருக்கிறார். நான் பக்கத்தில் இருந்திருக்கிறேன். அவள் வேனில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

ரெனிகா இருபத்திரண்டு வாங்கினாள். இப்போது மோண்ட்கமரியில் படிக்கிறாள். அத்தையோடு வாரம் ஒரு முறை தொலைபேசியில் பேசுகிறாள். என்னோடு மாதம் ஒரு முறை.

போன வாரம் அட்டவணை வந்தது. வெள்ளையர் இருபத்தொன்று, கறுப்பர் பதினேழு. பல் மருத்துவரின் கடிதமும் வந்துவிட்டது. பத்திரிகையை எடுத்துக்கொண்டு நான் வெர்டெல் வீட்டுக்குப் போனேன். அவள் ஏற்கெனவே வெட்டி ஒட்டியிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நான் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, குளிர்பெட்டிக் கதவில் மேலே இருந்த பழுப்புத் தாளின் ஓரத்தில், பதிமூன்று என்ற எண்ணுக்குப் பக்கத்தில் இப்படி எழுதினேன்: இதில் ஐந்து பிள்ளைகள் ஒரு மணி நேரம் தாமதமாக உட்கார வைக்கப்பட்டவர்கள். தவறு அவர்களுடையதல்ல. காரை ஓட்டியவன் நான். லெமுவேல் மோஃபெட். எட்டு மணித் தேர்வுக்கு ஏழே முக்காலுக்கு வந்து சேர்ந்தோம்.

வெர்டெல் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள். இரண்டாவது தடவையும் படித்தாள். பிறகு கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"எந்த எட்டு, எந்த ஏழே முக்கா?" என்றாள். "முழுசா எழுது டிரைவர்."